கம்பியில் போவது எழுத்து மட்டும்தான்

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு பில் போடும் மென்பொருள் எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறாராம். முன்னால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட், பின்னால் சர்வரில் பி.எச்.பி., மாதக் கணக்குக்கு மட்டும் பைத்தான். "விலை, தேதி, ஆம்-இல்லை எல்லாமே போய்த் திரும்புவதற்குள் மாறிவிடுகின்றன. மாதக் கடைசியில் பில் கூட்டுத்தொகையும் பைத்தான் அறிக்கையின் கூட்டுத்தொகையும் சில ரூபாய் இடிக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் இந்த வகை (டேட்டா டைப்) என்றால் பி.எச்.பி.யில் இந்த வகை, பைத்தானில் இந்த வகை என்று ஓர் அட்டவணை கிடைத்தால் போதும், ஒட்டிவைத்துக்கொள்வேன்" என்கிறார்.

அட்டவணை இணையத்தில் நிறையவே கிடைக்கும். நானும் ஒரு காலத்தில் ஒன்றை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தேன். காரைக்குடியில் பத்துப் பதினைந்து வருஷமாக நகைக்கடை, டைல்ஸ் பட்டறை, பழைய வீட்டை விடுதியாக்கியவர்கள் என்று பலருக்கும் இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறேன். அந்த அட்டவணை என்னை ஒரு தடவைகூடக் காப்பாற்றியதில்லை. இரண்டு மொழிகளும் கைகுலுக்கிக்கொண்டு ஒன்றின் வகையை இன்னொன்றிடம் நேராக ஒப்படைக்கின்றன என்று அது நம்ப வைக்கிறது. அப்படி எதுவும் நடப்பதில்லை. நடுவில் உள்ள கம்பியில் போவது வெறும் எழுத்து. வகை இந்தப் பக்கத்திலேயே தங்கிவிடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் எழுத்தைப் படித்துத் தனக்குத் தோன்றிய வகையில் புதிதாக ஒன்றைச் செய்துகொள்வார்.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். அந்தக் காலத்தில் ரங்கூனிலும் பினாங்கிலும் இருந்த கடைகளிலிருந்து ஊருக்குக் கணக்குக் கடிதம் வரும். கடிதத்தில் '500' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? பர்மாவில் புழங்கியது ரூபாய், பினாங்கில் புழங்கியது டாலர். எண் ஒன்றுதான், பெறுமானம் வேறு. எந்த ஊர்க் கடை, எந்தக் காசு, பற்றா வரவா என்று பேரேடு எழுதுகிறவருக்குத் தெரிந்திருந்தால்தான் ஐந்தொகை சரியாக வரும். பேப்பரில் இருந்தது வெறும் மை. அதற்கு அர்த்தம் கொடுத்தது இரண்டு பக்கமும் முன்கூட்டியே பேசி வைத்திருந்த வழக்கம். கிளையண்டுக்கும் (இங்கே பிரவுசர்) சர்வருக்கும் நடுவில் நீங்கள் உண்டாக்க வேண்டியது அந்த வழக்கத்தைத்தான்.

இப்போது பெரும்பாலோர் எழுதும் கடிதத்தின் பெயர் ஜேசன் (JSON). அதில் இருப்பவை ஆறே வகை: ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), எண், ட்ரூ-ஃபால்ஸ் (ஆம்-இல்லை), நல் (வெறுமை), அரே (வரிசைப் பட்டியல்), ஆப்ஜெக்ட் (பெயர்-மதிப்புப் பட்டியல்). தேதி கிடையாது. பணம் கிடையாது. முழு எண், தசம எண் என்ற பிரிவும் கிடையாது, எல்லாம் 'எண்'தான். பழைய ஹெச்.டி.எம்.எல். படிவமாக அனுப்பினால் இன்னும் மோசம், எல்லாமே ஸ்ட்ரிங்.

இங்கேதான் நான் முதல் அடி வாங்கினேன். ஒரு டைல்ஸ் பட்டறைக்கு எழுதிய பில் அது. கல் விலை 5000, வண்டி வாடகை 2500. இரண்டும் படிவத்தில் தட்டச்சு செய்த மதிப்புகள். கூட்டல் குறி போட்டுக் கூட்டினேன். ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை. எண்களைக் கூட்டும், எழுத்துகளை ஒட்டும். படிவத்திலிருந்து வந்தது எழுத்து என்பதால் ஒட்டிவிட்டது. பில் தொகை 50002500. ஐந்து கோடியே இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். பட்டறைக்காரர் போனில் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் காசுக்குக் கானாடுகாத்தான் அரண்மனைக்கே கல் போட்டுரலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அதற்குள் அந்த பில் வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதே தப்பு டேட்டாபேஸ் வழியாகவும் வரும், அதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. மைசீக்குவல் டேட்டாபேஸில் 'டெசிமல்' (துல்லியமான தசம எண்) என்று வைத்த பத்தியை, சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜே.எஸ்.ஸை டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் ஸ்ட்ரிங்காகத்தான் கொடுக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸில் 64 பிட் முழு எண்ணுக்கும் 'நியூமரிக்' வகைக்கும் அதே கதை. அது பிழை இல்லை. ஜாவாஸ்கிரிப்டின் எண்ணில் போட்டால் துல்லியம் போய்விடும் என்று டிரைவர் எழுதியவர்கள் வேண்டுமென்றே செய்தது. டேட்டாபேஸில் எண்ணாகத்தானே வைத்தோம், எண்ணாகத்தானே வரும் என்று நினைத்துக் கூட்டினால் ஐந்து கோடி ரூபாய் பில்தான்.

ஸ்ட்ரிங்கை எண்ணாக மாற்றிவிட்டால் ஆயிற்றா? அதிலும் மொழிக்கு மொழி குணம் வேறு. '1,25,000' என்று நம் வழக்கப்படி காற்புள்ளி போட்டு ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் பார்ஸ்இன்ட் முதல் காற்புள்ளியோடு நின்றுவிடும், விடை 1. பி.எச்.பி.யில் இன்ட் என்று அடைப்புக்குறி போட்டு மாற்றினாலும் விடை 1. சத்தமே இல்லாமல் ஒன்றேகால் லட்சம் ஒரு ரூபாயாகிவிடும். பைத்தான் மட்டும் 'இது எண்ணே இல்லை' என்று சண்டைக்கு வந்து நின்றுவிடும். என்னைக் கேட்டால் சண்டை போடுகிற மொழிதான் நல்ல மொழி. ஜாவாஸ்கிரிப்டிலும் பார்ஸ்இன்டுக்குப் பதிலாக நம்பர் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டால் 'நான்' (NaN) என்று, அதாவது 'எண் இல்லை' என்று பதில் வரும். அதைச் சோதித்துக்கொள்ளலாம்.

இதில் ஒரு வேடிக்கை. பைத்தானின் இன்ட் தமிழ் எண்களைப் படிக்கும். '௧௨' என்று கொடுத்தால் 12 என்று சரியாகச் சொல்லும். ஆனால் பத்துக்கு உள்ள பழைய குறியான '௰' கொடுத்தால் பிழை. யூனிகோடில் ௧, ௨ எல்லாம் இலக்கங்கள், ௰ இலக்கமாகச் சேர்க்கப்படவில்லை, அதனால்தான். ஜாவாஸ்கிரிப்டின் நம்பர் ஃபங்ஷனுக்கு ௧௨ கூடப் புரியாது. வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கணக்கேட்டைப் பார்த்துத் தட்டச்சு செய்து ஏற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது. அந்த ஏடுகளில் ௰ நிறைய வரும்.

சரி, பணத்துக்கு வருவோம். நீங்கள் அதிகமாக அல்லாடுவது இதில்தான் என்று தெரிகிறது.

ஜாவாஸ்கிரிப்டில் பொதுவாக நாம் புழங்கும் எண் எல்லாமே 64 பிட் ஃப்ளோட் (தசம எண்ணையும் பிடிக்கும் எண் வகை). உள்ளே இரண்டின் அடுக்குகளாக (2, 4, 8), பாதியின் பாதிகளாகத்தான் (1/2, 1/4, 1/8) சேமிக்கும். அதனால் அரை, கால், அரைக்கால், மாகாணி எல்லாம் துல்லியமாக நிற்கும். அரைக்கால் எட்டில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, எல்லாம் பாதியின் பாதி. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கில் ஓர் அணா என்பது 0.0625, கம்ப்யூட்டருக்கு அது அல்வா. ஆனால் 'ஒரு மா' இருபதில் ஒன்று, அதாவது 0.05. அது துல்லியமாக நிற்காது. பத்துப் பைசாவும் நிற்காது. 1957-இல் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறினோமே, கம்ப்யூட்டரைக் கேட்டிருந்தால் அணாவே இருக்கட்டும் என்றிருக்கும்.

விளைவு எப்படி இருக்கும்? 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது கண்ணில் பட்டுவிடும், அதனால் ஆபத்து குறைவு. கண்ணில் படாதது இது: 4 ரூபாய் 35 காசைப் பைசாவாக்க 4.35-ஐ 100-ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும். அதை முழு எண்ணாக வெட்டினால் 434. ஒரு பைசா போயே போச்சு. மூன்று மொழிகளிலும் இதே விடைதான், ஏனென்றால் மூன்றும் ஒரே ஃப்ளோட்டைப் பயன்படுத்துகின்றன. ஆக, இது மொழிகளுக்கு நடுவில் மாற்றும்போது வரும் பிழைகூட இல்லை. முதலில் ஃப்ளோட்டைத் தொட்டதே பிழை.

வெட்டாமல் ரவுண்ட் செய்தால் 435 வந்துவிடும், உண்மைதான். ஆனால் ரவுண்ட் செய்வதிலும் மொழிகள் ஒத்துப்போவதில்லை. 12.5-ஐ ஜாவாஸ்கிரிப்டும் பி.எச்.பி.யும் 13 என்கும். பைத்தான் 3-இன் ரவுண்ட் 12 என்கும். சரிபாதியாக வரும்போது பக்கத்திலிருக்கும் இரட்டைப்படை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். மைனஸ் 2.5 என்றால் ஜாவாஸ்கிரிப்ட் மைனஸ் 2, பி.எச்.பி. மைனஸ் 3. உங்கள் பில்லின் கூட்டுத்தொகையும் பைத்தான் அறிக்கையின் கூட்டுத்தொகையும் மாதக் கடைசியில் சில ரூபாய் இடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். ரவுண்ட் செய்வதை ஒரே இடத்தில், சர்வரில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசர் காட்டட்டும், பைத்தான் கூட்டட்டும், இருவரும் ரவுண்ட் செய்ய வேண்டாம்.

பணத்துக்கு என் முடிவு இது. கம்பியில் போகும்போது பைசாவில், முழு எண்ணாக அனுப்புங்கள். 4.35 வேண்டாம், 435. பெயரிலும் 'அமவுண்ட்' என்று வைக்காமல் 'அமவுண்ட் பைசா' என்று வையுங்கள். ரங்கூன் ரூபாயா பினாங்கு டாலரா என்ற சந்தேகம் யாருக்கும் வரக்கூடாது. தட்டச்சு செய்ததைப் பைசாவாக்கும்போதும் பெருக்க வேண்டாம். புள்ளிக்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் எழுத்தாகவே பிரித்து எடுங்கள். ஜாவாஸ்கிரிப்டின் எண் 9007199254740991 வரை முழு எண்களைத் தவறில்லாமல் பிடிக்கும். பைசாவில் அது ஏறத்தாழ 90 லட்சம் கோடி ரூபாய். ஆத்தங்குடிக்குப் போதும். நகைக்கடைக்கு எழுதினால் எடையையும் அப்படியே மில்லிகிராமில் வையுங்கள். எட்டு கிராம் ஒரு பவுன் என்பதையெல்லாம் திரையில் காட்டும்போது பார்த்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் மாதிரி இரண்டு தசமத்துக்கு மேல் போகும் விஷயங்களை ஸ்ட்ரிங்காக அனுப்பி, பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் என்று அந்தந்த மொழியின் துல்லிய வகைக்குள் ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக ஏற்றுங்கள். நடுவில் ஃப்ளோட்டாக்கிவிட்டு அப்புறம் பிக்டெசிமலாக்கினால் குப்பையையும் சேர்த்துத் துல்லியமாகச் சேமிக்கும்.

அந்த 9007199254740991 என்ற எல்லையைப் பணத்தில் தொட மாட்டீர்கள், ஆனால் அடையாள எண்ணில் தொடலாம். சர்வரில் 9007199254740993 என்று இருக்கும் ஒரு எண்ணை ஜேசனில் எண்ணாகவே அனுப்புங்கள். பி.எச்.பி.யும் பைத்தானும் சரியாகப் படிக்கும். பிரவுசர் அதை 9007199254740992 என்று படிக்கும். பிழைச் செய்தி வராது, பக்கத்து வாடிக்கையாளரின் பில் திறக்கும். ட்விட்டர் 2010-இல் தன் ட்வீட் எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது இதே காரணத்துக்காக ஒவ்வொரு எண்ணையும் ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்ப ஆரம்பித்தது. ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட் என்ற வகை 2020-இல் வந்துவிட்டதே என்பீர்கள். வந்தது, ஆனால் அதை ஜேசனாக்கச் சொன்னால் பிழை சொல்லும். ஆகவே அடையாள எண் எதுவானாலும் ஸ்ட்ரிங்காக அனுப்புவதே உத்தமம். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை. போன் நம்பரும் அப்படித்தான். காரைக்குடியின் எஸ்.டி.டி. குறியீடு 04565. அதை எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். பூஜ்யத்தோடு தொடங்கும் எண்ணை ஜேசன் இலக்கணமே ஏற்காது.

எண்ணை ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றுவதில் அலட்சியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் உண்டு. 1996 ஜூன் 4-ஆம் தேதி ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் முதல் பயணத்தில் சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. 64 பிட் ஃப்ளோட் ஒன்றை 16 பிட் முழு எண்ணுக்குள் அடைக்கப் பார்த்ததுதான் ஆரம்பம். நம் பில்லில் அவ்வளவு ஆபத்து இல்லை, யாராவது போனில் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்து தேதி. இதில் நான் பட்ட அவமானம் பணத்தில் பட்டதைவிடப் பெரியது.

பழைய வீடு ஒன்றை விடுதியாக்கி, கல்யாணங்களுக்கும் வாடகைக்கு விடுகிற இடம். அதற்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் இருக்கும் குடும்பம் முகூர்த்தத்துக்காக ஒரு 15-ஆம் தேதியைப் பதிந்தது. சர்வரில் 14 என்று விழுந்தது. வளவும் கட்டுத்துறையும் கூட்டி மெழுகி, சமையல்காரருக்குச் சொல்லி, எல்லாம் ஒரு நாள் முன்னால். நல்லவேளை, முன்னால். பின்னால் போயிருந்தால் நான் அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டியிருக்க முடியாது.

நடந்தது இதுதான். பிரவுசரில் 15-ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அதை 15-ஆம் தேதி நள்ளிரவு 0 மணி, அந்த ஊர் நேரம், என்று ஒரு டேட் ஆப்ஜெக்டாக்கி வைக்கிறது. அதை ஜேசனாக்கும்போது உலக நேரத்துக்கு மாற்றி எழுதுகிறது. நம் ஊர் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் என்பதால் அது 14-ஆம் தேதி 18.30. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால், அங்கிருந்து பதிந்தால் 14-ஆம் தேதி 16.00. சர்வர் நேரத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முகூர்த்தம் 14 ஆகிவிட்டது. லண்டனில் குளிர்காலத்தில் உட்கார்ந்து சோதித்தால் இந்தப் பிழை தெரியவே தெரியாது, அங்கே வித்தியாசம் பூஜ்யம்.

இதற்கு மருந்து 'நேர மண்டலத்தைச் சரியாக மாற்று' என்பதில்லை. முகூர்த்தத் தேதிக்கு நேர மண்டலமே கிடையாது. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும் நாள் அது. அதை ஆண்டு-மாதம்-நாள் என்ற பத்து எழுத்து ஸ்ட்ரிங்காக எடுத்து, ஸ்ட்ரிங்காகவே அனுப்பி, டேட்டாபேஸின் 'டேட்' பத்தியில் நேராக வைக்க வேண்டும். நடுவில் ஜாவாஸ்கிரிப்டின் டேட் ஆப்ஜெக்டைத் தொடவே கூடாது. பணம் கட்டிய நேரம், பில் போட்ட நேரம் என்பவை வேறு சாதி. அவை உலகத்தில் ஒரு கணம் நடந்தவை. அவற்றை உலக நேரத்தில், கடைசியில் இசட் எழுத்தோடு அனுப்பி, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரமாக்குங்கள். 'நாள்' என்பதும் 'கணம்' என்பதும் இரண்டு வேறு வகைகள். பல மொழிகள் இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்ததால் வந்த வினை இது.

தேதியில் இன்னும் இரண்டு பள்ளம் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் ஜனவரியை 0 என்று எண்ணும், பி.எச்.பி.யும் பைத்தானும் 1 என்று எண்ணும். அப்புறம், பி.எச்.பி.யின் டைம் ஃபங்ஷன் 1970-இலிருந்து விநாடிகளில் கணக்கு சொல்லும், ஜாவாஸ்கிரிப்டுக்கு மில்லிவிநாடி வேண்டும். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் 2023 நவம்பரில் போட்ட பில் 1970 ஜனவரி 20 என்று காட்டும். திரையில் 1970 என்று பார்த்தால் உடனே இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்-இல்லை விஷயத்தை நீங்கள் கேட்டீர்கள், அது சின்னது. 'ஃபால்ஸ்' என்ற சொல்லை ஸ்ட்ரிங்காக அனுப்பினால் மூன்று மொழிகளுமே அதை ஆம் என்றுதான் எடுத்துக்கொள்ளும், காலி இல்லாத ஸ்ட்ரிங் என்பதால். '0' என்ற ஸ்ட்ரிங்கைப் பி.எச்.பி. இல்லை என்கும், மற்ற இரண்டும் ஆம் என்கும். காலி அரேயைப் பி.எச்.பி.யும் பைத்தானும் இல்லை என்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஆம் என்கும். படிவத்தில் டிக் அடிக்காத செக்பாக்ஸ் சர்வருக்கு வரவே வராது. ஜேசனில் உண்மையான ட்ரூ, ஃபால்ஸ் அனுப்புங்கள், வந்ததும் அது நிஜமாகவே பூலியன்தானா (ட்ரூ-ஃபால்ஸ் வகைதானா) என்று சோதியுங்கள், வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அதைவிட நுணுக்கமானது 'ஒன்றுமில்லை' என்பது. மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெயரே நோட்டில் இல்லை. இன்னொருவர் பெயர் இருக்கிறது, தொகை எழுதும் இடம் காலியாக இருக்கிறது. மூன்றாமவர் பெயருக்கு எதிரே 0 என்று எழுதியிருக்கிறது. மூன்றும் மூன்று சேதி, மூன்றாவது சேதிக்குச் சண்டையே வரும். ஜாவாஸ்கிரிப்டில் அன்டிஃபைன்ட் (எதுவுமே கொடுக்காதது) என்று இருக்கும் மதிப்பை ஜேசனாக்கினால் அந்தப் பெயரே கடிதத்திலிருந்து விழுந்துவிடும். அரேக்குள் இருந்தால் நல் ஆகிவிடும். 'நான்' என்ற எண்ணும் நல் ஆகிவிடும். பைத்தானோ 'நான்' என்பதை அப்படியே எழுதி அனுப்பும், அது செல்லாத ஜேசன், பிரவுசர் படிக்க மறுக்கும். பி.எச்.பி.யின் இஸ்செட் என்ற சோதனை, பெயர் இல்லாததையும் நல் இருப்பதையும் ஒன்றாகவே பார்க்கும். தள்ளுபடி 'சொல்லவில்லை' என்பதும் 'கிடையாது' என்பதும் உங்கள் பட்டறையில் வேறு வேறு என்றால், அதை ஜேசனில் எப்படி எழுதுவது என்று இப்போதே ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள்.

பி.எச்.பி. வைத்திருப்பதால் இதையும் சொல்ல வேண்டும். அதில் வரிசைப் பட்டியலும் பெயர்-மதிப்புப் பட்டியலும் ஒரே அரே. ஜேசனாக்கும்போது எண்கள் 0-இலிருந்து இடைவெளி இல்லாமல் இருந்தால் ஜேசன் அரே, இல்லையென்றால் ஆப்ஜெக்ட். ஐந்து டைல்ஸ் டிசைன்களில் நடுவில் ஒன்றை வடிகட்டி நீக்கினால் 0, 1, 3, 4 என்று மிஞ்சும், பிரவுசருக்கு அரே போகாமல் ஆப்ஜெக்ட் போய், பக்கம் உடையும். அனுப்புவதற்கு முன் எண்களைப் புதிதாக வரிசைப்படுத்தும் அரேவேல்யூஸ் ஃபங்ஷனைக் கூப்பிட்டால் சரியாகும். விலை வாரியாக அடுக்கி, டிசைன் எண்ணைப் பெயராக வைத்து ஆப்ஜெக்டாக அனுப்பினால் இன்னொரு வேடிக்கை: ஜாவாஸ்கிரிப்ட் எண் மாதிரி இருக்கும் பெயர்களை எண் வரிசைக்கு மாற்றிவிடும், உங்கள் விலை வரிசை கலைந்துவிடும். வரிசை முக்கியம் என்றால் அரேதான்.

கடைசியாக நம் எழுத்து. இதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் பெரிதாகப் பேச மாட்டார்கள், அவர்களுக்கு வலிக்காது. 'செட்டிநாடு' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? ஐந்து என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்டும் பைத்தானும் 10 என்கும், ஒற்றுப்புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். பி.எச்.பி.யின் ஸ்டர்லென் 30 என்கும், அது பைட்டுகளை எண்ணுகிறது, யூ.டி.எஃப்.-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பெயரை 20-க்கு வெட்டலாம் என்று பி.எச்.பி.யின் சப்ஸ்டரைக் கூப்பிட்டால் ஒரு குறியின் நடுவில் கத்தி விழும். உடைந்த பைட்டோடு ஜேசனாக்கச் சொன்னால் பி.எச்.பி. ஃபால்ஸ் என்று மட்டும் திருப்பித் தரும், பக்கம் வெறுமையாகிவிடும். எம்.பி. என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்தினால் குறி உடையாது. உண்மையான எழுத்தெண்ணிக்கை வேண்டுமென்றால் பி.எச்.பி.யில் கிராஃபீம் ஸ்டர்லென் ஐந்து என்றே சரியாகச் சொல்லும்.

இன்னொன்று, 'கோட்டையூர்' என்ற ஊர்ப்பெயர். 'கோ'வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஒப்பிட்டால் வேறு என்று மொழி சொல்லும். தேடினால் பாதி வாடிக்கையாளர்கள் கிடைக்க மாட்டார்கள். சர்வருக்குள் நுழையும் எல்லாத் தமிழ் எழுத்தையும், இரண்டு குறியை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும்.

இத்தனையையும் எங்கே செய்வது? வாசலில். பிரவுசரிலிருந்து கடிதம் சர்வருக்குள் நுழையும் இடத்திலும், சர்வரின் பதில் பிரவுசருக்குள் நுழையும் இடத்திலும் மட்டும். வந்ததைப் பார்த்து, இது பைசா, இது நாள், இது அடையாளம் என்று சரிபார்த்து, சரியான வகையாக்கி உள்ளே விடுங்கள். சரியில்லையென்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். உள்ளே ஒவ்வொரு ஃபங்ஷனிலும் மாற்றிக்கொண்டிருந்தால் எங்கே மாற்றினோம், எங்கே விட்டோம் என்று உங்களுக்கே தெரியாது. பைத்தானில் இதற்குப் பைடான்டிக், ஜாவாஸ்கிரிப்டில் ஸோட் என்று நூலகங்கள் உண்டு. ஜாவாஸ்கிரிப்டோடு வகைகளைச் சேர்த்த டைப்ஸ்கிரிப்டுக்கு மாறினால் போதுமே என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். டைப்ஸ்கிரிப்டின் வகைகள் ஓடும் நேரத்தில் இருப்பதில்லை. சர்வரிலிருந்து வந்ததை 'இது எண்' என்று நீங்கள் சொன்னால் அது நம்பிக்கொள்ளும், சோதிக்காது.

உங்கள் மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றப் பார்க்காதீர்கள். முதலில் பணம், அடுத்த வாரம் தேதி. அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். நான் எந்த மென்பொருளிலும் முதலில் பதிவது ஒரு பொய் வாடிக்கையாளரை. அடையாள எண் 9007199254740993. பெயர் 'கோட்டையூர் சோதனை', ஓகாரத்தை இரண்டு குறியாகத் தட்டியது. தொலைபேசி 04565-இல் தொடங்கும். பாக்கி 4 ரூபாய் 35 காசு, முன்பணம் 0, தள்ளுபடி காலி. பில் தேதி ஏதோ ஒரு மாதத்தின் 1. ஒரு நாள் நழுவினால் மாதமே மாறிவிடும், பளிச்சென்று தெரியும். அவரைப் பிரவுசரில் பதிந்து, பி.எச்.பி. வழியாக டேட்டாபேஸில் வைத்து, பைத்தான் அறிக்கையில் எடுத்து, மறுபடி பிரவுசரில் திறந்து பாருங்கள். பெயர் மட்டும் ஒரே குறி ஓகாரமாகத் திரும்பி வர வேண்டும், மற்றதெல்லாம் பதிந்தபடியே இருக்க வேண்டும். எது மாறி வந்திருக்கிறதோ அதை எனக்கு எழுதுங்கள், அந்த இடத்திலிருந்து பார்ப்போம்.